முகத்துக்கு என்ன வலி

நான் அடிக்கிறதில்ல. அத முதல்லயே சொல்லிடறேன்.

இந்த உறையூர்ல தெருவுக்கு ஒரு டான்ஸ் க்ளாஸ் இருக்கு. போய்ப் பாருங்க. தாளம் தட்டற கழி மனைக்கட்டையில விழறத விடப் பிள்ளைங்க முட்டியில விழறதுதான் ஜாஸ்தி. என்கிட்ட கழியே கிடையாது. கையத் தட்டித்தான் ஜதி சொல்றேன். சாயங்காலம் க்ளாஸ் முடிஞ்சா சாதம் பிசைய முடியாது, உள்ளங்கை அப்படி எரியும். சத்தமும் போடறதில்ல. எருமை, தடிச்சி, அந்த மாதிரி ஒரு வார்த்தை இந்த மாடியில பதினெட்டு வருஷமாக் கேட்டதில்ல. அதுக்கு முன்னாடி கேட்டதுண்டு. மறைக்க மாட்டேன், அதையும் சொல்றேன்.

உக்காருங்க. ஆபீஸ் கார்டு கழுத்துல தொங்குது, நேரா வந்துட்டீங்க போல. சம்யு எங்க? படியில உக்காந்திருக்காளா? இருக்கட்டும், இருக்கட்டும். நாம பேசறது அவ காதுல விழ வேண்டாம். இன்னைக்கு க்ளாஸ் இல்ல, யாரும் வர மாட்டாங்க.

நிறுத்தத்தானே வந்திருக்கீங்க? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதும்மா. முப்பது வருஷமா மூஞ்சியப் பாத்துத்தான் பொழப்பு நடத்தறேன். இந்த வருஷம் ஏற்கெனவே ஆறு பேர் நின்னாச்சு. ஒருத்திக்கு கராத்தே, ஒருத்திக்கு அபாகஸ், ஒருத்திக்கு வீடு மாத்திட்டாங்களாம், அடுத்த தெருவுக்கு. நான் யாரையும் ஏன்னு கேக்கல. ஆனா சம்யுவ நிறுத்தாதீங்க. ஜூன்ல வந்த பிள்ளை, செப்டம்பர்லயே நாட்டடவு தொட்டுட்டா. அந்தக் கால் தானாத் தாளத்துல விழுது, அது சொல்லிக் குடுத்து வர்றதில்ல.

சம்யு வயித்துக்கு ஸ்கேன் எடுத்தீங்களா? ஒண்ணும் இல்லன்னு வந்துச்சா? சரி. தப்பா நெனைக்காதீங்க, இன்னொரு இடத்துலயும் எடுத்துப் பாருங்க. ஒரு டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொன்னா அதோட விட்டுடக் கூடாது. நான் அனுபவப்பட்டவ, அதனால சொல்றேன்.

ஆமாம், அமுக்கினேன். அவ சொன்னாளா? போன வியாழக்கிழமை, இதே இடத்துல, அவள உக்கார வெச்சு வயித்த அமுக்கினேன். 'இங்க வலிக்குதா, இங்க வலிக்குதா'ன்னு கேட்டேன். அழுதா. வலிக்குதுன்னு சொன்னா. அதுக்கப்புறம் கட்டிப் புடிச்சுக்கிட்டேன், தண்ணி குடுத்தேன், ஆட விட்டேன். நீங்க இப்படிப் பாக்கறீங்களே, நான் என்னமோ பண்ணிட்ட மாதிரி. அவ நல்லதுக்குத்தான் பண்ணினேன். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

எங்க க்ளாஸ் முறை உங்களுக்குத் தெரியாது. சேக்க வந்தப்பவே சொல்லியிருக்கணும், நீங்க அவசரத்துல இருந்தீங்க. ஆட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் எல்லாரும் வட்டமா உக்காருவோம். நானும் தரையிலதான் உக்காருவேன், நாற்காலியே கிடையாது. ஒவ்வொருத்தியும் தனக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லணும். உடம்பா இருக்கலாம், மனசா இருக்கலாம். சொன்னதுக்கு யாரும் சிரிக்கக் கூடாது, யாரும் குறுக்க பேசக் கூடாது. இது நானாக் கண்டுபுடிச்சதில்ல. தஞ்சாவூர்ல டான்ஸ் டீச்சர்களுக்கெல்லாம் ரெண்டு நாள் பயிற்சி ஒண்ணு வெச்சாங்க. அங்க ஒரு மேடம் பேசினாங்க. பிள்ளைங்களுக்கு அடவு அப்புறம் வரட்டும், முதல்ல அதுங்க பயமில்லாம வாயத் திறக்கற இடமா உங்க க்ளாஸ் இருக்கணும்னாங்க. எல்லா டீச்சரும் கொட்டாவி விட்டாங்க. நான் மட்டும் அழுதுட்டேன். சாப்பாட்டு நேரத்துல அந்த மேடம் வந்து என் தோளத் தொட்டு, 'என்னாச்சு டீச்சர்'னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன்.

ஒண்ணும் இல்லைங்கற அந்த வார்த்தைதான் இந்த மாடியில ஆகாது. எங்கிட்ட இருக்கற ஒரே சட்டம் அதுதான். எது வேணா சொல்லலாம், ஒண்ணும் இல்லன்னு மட்டும் சொல்லக் கூடாது.

பிள்ளைங்க எவ்வளவு மனசு விட்டுப் பேசுது தெரியுமா? ஒரு பிள்ளை, பேர் வேண்டாம், போன வருஷம் மட்டும் மூணு தடவை தாத்தா செத்துட்டார்னு அழுதா. பாவம், ஒரே வருஷத்துல மூணு தாத்தா. முதல்ல சொல்ற பிள்ளை இடது முட்டின்னு சொன்னா, அன்னைக்கு வரிசையாப் பதினாலு பேருக்கும் இடது முட்டி. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எலும்புல சத்தே இல்லம்மா. கேழ்வரகுக் கஞ்சி குடுங்கன்னு எல்லா அம்மாங்களுக்கும் சொல்லி அனுப்பினேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. பொய் சொல்லுதுங்கன்னு நெனைக்கிறீங்க. நான் என்ன மக்கா? பொய்யாவே இருக்கட்டுமே. வலிக்குதுன்னு பொய் சொன்ன பிள்ளை யாரும் செத்ததில்ல.

சுகிர்தான்னு ஒரு பிள்ளை.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

சுகிர்தா. பதினோரு வயசு. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து. அப்பா சைக்கிள் கடை, நாச்சியார் கோயில் போற வழியில. அம்மா பேரு லோகநாயகி, ரவிக்கை தைப்பா. இந்த ஏரியாவுல கல்யாணம்னா லோகநாயகி தையல்தான். நான் சொல்றது இருபது வருஷத்துக்கு முந்தின கதை. அப்ப என்னைப் பத்தி விசாரிச்சிருந்தீங்கன்னா ஒரே வார்த்தைதான் சொல்லியிருப்பாங்க, முகம். போட்டிக்கு வர்ற ஜட்ஜுங்க மைக்குலயே சொல்லுவாங்க, 'அடவு எல்லா ஊர்லயும் சுத்தமா இருக்கு, முகம் மட்டும் வேதநாயகி டீச்சர் பிள்ளைங்களுக்குத்தான்'னு. எட்டுப் பிள்ளைங்க ஆடினா எட்டு முகமும் சிரிச்சுக்கிட்டே இருக்கும். கால்ல முள்ளு குத்தினாலும் இருக்கும். சலங்கை அவுந்து விழுந்தாலும் இருக்கும்.

எப்படி வர வெச்சேன்னு கேளுங்க. அரைமண்டி தெரியுமில்ல, முட்டிய ரெண்டு பக்கமும் மடக்கிப் பாதி உக்காந்த மாதிரி நிக்கறது. அதுல எல்லாத்தையும் நிக்க வெச்சுட்டு நூறு எண்ணுவேன். சிரிச்சுக்கிட்டே நிக்கணும். எவ முகமாவது விழுந்துச்சுன்னா மறுபடி ஒண்ணுலேருந்து. எல்லாருக்கும். தொண்ணூத்தி எட்டுல ஒருத்தி முகம் சுளிச்சான்னா மத்த ஏழு பேரும் அவளப் பாக்கற பார்வை இருக்கே, நான் திட்டவே வேண்டாம். கால் நடுங்கும். கண்ணுல தண்ணி ஓடும். அந்தக் கண்ணீரோட சிரிப்பாங்க. நான் நடுவுல நடந்துக்கிட்டே கேப்பேன், 'வலி எதுக்கு?' எல்லாரும் சொல்லணும், 'காலுக்கு மிஸ்.' 'முகத்துக்கு?' 'முகத்துக்கு என்ன வலி மிஸ்!' பாட்டு மாதிரி சொல்லுவாங்க. கீழ உக்காந்திருக்கற அம்மாங்களுக்கெல்லாம் அவ்வளவு பெருமையா இருக்கும் அதக் கேக்க.

இப்ப உங்களுக்குக் கேக்க எப்படியோ இருக்கு. எனக்கும்தான் இருக்கு. அப்ப இல்ல. எனக்கு எங்க டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, அவங்களுக்கு அவங்க டீச்சர். யாருக்கும் ஒண்ணும் ஆகல.

சுகிர்தாவுக்கு நூறெல்லாம் சாதாரணம். இருநூறு நிப்பா. வீட்டுல மாவாட்டும்போதுகூட அரைமண்டியில நிக்கறான்னு லோகநாயகி வந்து சொல்லிச் சிரிப்பா. மேடையோரம் தாளம் போட நான் நட்டுவாங்கத்துல உக்காந்திருப்பேன். எவளுக்காவது முகம் வாடுதுன்னா என் உதட்டோரத்துல ஒரு விரல வெப்பேன். அவ்வளவுதான். சுவிட்சப் போட்ட மாதிரி எட்டு முகமும் எரியும். சுகிர்தாவுக்கு அதுவும் தேவைப்பட்டதில்ல. நான் மூக்கச் சொறிய கையத் தூக்கினாக்கூடச் சிரிச்சுடுவா.

அக்டோபர் மாசம். ஞாயித்துக்கிழமை மாவட்டப் போட்டி. வெள்ளிக்கிழமை ஒத்திகையில வந்து, 'மிஸ், வயிறு வலிக்குது'ன்னா. சொன்னா. அவ சொல்லவே இல்லன்னு யாரும் சொல்ல முடியாது, என்கிட்ட சொன்னா. 'போட்டின்னா எல்லாருக்கும் வலிக்கும், போய் நில்லு'ன்னேன். போய் நின்னா. நீங்களா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பீங்க. பரீட்சை அன்னைக்குப் பிள்ளைக்கு வயிறு வலிச்சா லீவா போடுவீங்க?

சனிக்கிழமை பின்னாடி பாத்ரூம்ல வாந்தி எடுத்தா. லோகநாயகி ஊர்ல இல்ல, கல்யாண ரவிக்கை குடுக்கக் கரூர் போயிருந்தா. அவ அப்பா கடையில. நான்தான் ஆட்டோ புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். நானேதான். அத எல்லாரும் சொல்லுவாங்க, இன்னைக்கும் சொல்லுவாங்க, எந்த டான்ஸ் டீச்சர் பிள்ளைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவான்னு. பக்கத்துல ஒரு சின்ன க்ளினிக், இப்ப அது இல்ல. கூட்டமான கூட்டம். டாக்டர் படுக்க வெச்சு வயித்த அமுக்கினார். 'வலிக்குதா பாப்பா'ன்னார். இல்லன்னு தலையாட்டினா. சிரிச்சா. மறுபடியும் கீழ அமுக்கினார், வலது பக்கம். சிரிச்சா. டாக்டரே என்னைத் திரும்பிப் பாத்துச் சொன்னார், 'பொண்ணு ஜம்முனு இருக்கா டீச்சர், வெறும் கேஸ்தான்'. மாத்திரை எழுதிக் குடுத்தார். நான் வாங்கிக் குடுத்தேன், இளநியும் வாங்கிக் குடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை ஆடினா. என்ன ஆட்டம்! காலையில வந்தப்பவே 'வலி போயிடுச்சு மிஸ்'னா. நெஜமாவே போயிருந்துச்சும்மா, அத அப்புறமா பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். குடல்வால் வீங்கி வெடிச்சதும் கொஞ்ச நேரம் வலி அடங்குமாம். அந்தக் கொஞ்ச நேரத்துல அலாரிப்பு ஆடி முடிச்சுட்டா. முதல் பரிசு. அரங்கத்துல பேப்பர்காரங்க ஃபோட்டோ எடுத்தாங்க. திங்கக்கிழமை காலையில அந்த ஃபோட்டோ பேப்பர்ல வந்தப்ப அவள ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போய்க்கிட்டிருந்தாங்க. ஆபரேஷன் பண்ணினாங்க. உடம்பு முழுக்க விஷம் ஏறிடுச்சுன்னாங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம் போயிட்டா.

நான் திங்கக்கிழமை போய்ப் பாத்தேன். மூக்குல குழாய், கையில குழாய். அந்தப் பிள்ளைக்குக் கண்ணத் திறக்கக்கூடத் தெம்பில்ல. லோகநாயகி, 'கண்ணு, மிஸ் வந்திருக்காங்க பாரு'ன்னா. கண்ணத் திறந்து என்னைப் பாத்தா. சிரிச்சா.

அந்தச் சிரிப்பு நல்லா இருந்துச்சுன்னு நர்ஸெல்லாம் பேசிக்கிட்டாங்க. நான் வெளிய வந்து படியில உக்காந்துட்டேன்.

அதுக்கப்புறம் லோகநாயகி பண்ணினத மட்டும் என்னால தாங்கவே முடியலம்மா. என்னை வந்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். செருப்பால அடிச்சிருக்கலாம். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் வந்து என் கையப் புடிச்சுக்கிட்டா. 'நான் ஊர்ல இல்லாதப்ப நீங்கதானே மிஸ் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க, அத மறக்க மாட்டேன்'னா. அந்த பேப்பர் ஃபோட்டோவப் பெரிசாக்கி சட்டம் போட்டு மாலை போட்டு வெச்சிருக்கா. மேடைச் சிரிப்பு, மாலைக்கு நடுவுல. அவ வீட்டு வழியா நான் போறதில்ல. சந்தைக்குப் போகணும்னாக்கூடச் சுத்திக்கிட்டுத்தான் போறேன். அவளோ வருஷா வருஷம் சுகிர்தா திதி அன்னைக்குப் பாயசம் குடுத்து அனுப்புவா. நான் வாங்கி வெச்சுக்குவேன். குடிச்சதில்ல.

ரெண்டு வருஷம் க்ளாஸ மூடிட்டேன். அந்தச் சுவர் இருக்குல்ல, அது முழுக்கக் கண்ணாடி இருந்துச்சு. கழட்டிட்டேன். கேக்கறவங்ககிட்ட, பிள்ளைங்க ஒருத்தி உடம்போட ஒருத்தி உடம்ப ஒப்பிட்டுப் பாத்து மனசு நோகக் கூடாதுன்னு எடுத்தேன்னு சொல்றேன். தஞ்சாவூர் மேடம்கூடக் கை தட்டினாங்க அதுக்கு. கேக்க நல்லா இருக்கில்ல? நெஜம் என்னன்னா, நான் தனியாத் தரையக் கூட்டும்போது அந்தக் கண்ணாடியில ரெண்டாவது வரிசையில அவ நிப்பா. அரைமண்டியில. எண்ணறதுக்காகக் காத்துக்கிட்டு நிப்பா. நான் எண்ண ஆரம்பிச்சாத்தானே நிறுத்த முடியும்? நான் ஆரம்பிக்கவே இல்ல, அவ நின்னுக்கிட்டே இருக்கா.

பயந்துட்டீங்களா? பயப்படாதீங்க. கண்ணாடி போனதும் அவளும் போயிட்டா. நான் நல்லாத்தான் இருக்கேன். மாத்திரைகூடக் கிடையாது.

சம்யுவுக்கு வர்றேன்.

உங்க பொண்ணு சிரிச்சுக்கிட்டே ஆடறா. நீங்க பாத்திருக்கீங்களா? நான் சொல்லிக் குடுக்கல. நான் இப்ப யாரையும் சிரின்னு சொல்றதே இல்ல, எந்தப் பிள்ளையும் இங்க சிரிக்கிறதில்ல, மூஞ்சி தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் ஆடும், அதுதான் எனக்கு நிம்மதி. இவ முதல் நாள்லேருந்து சிரிக்கிறா. வட்டத்துல உக்காந்து அவ முறை வரும்போது, 'எனக்கு ஒண்ணும் வலிக்கல மிஸ், ஜாலியா இருக்கு'ன்னா. அன்னைக்கு விட்டுட்டேன். மறுநாளும் அதேதான். மாசக்கணக்கா அதேதான். 'யோசிச்சுச் சொல்லு கண்ணு, எங்கயாவது வலிக்கும்'னேன். யோசிச்சா பாவம், முட்டியத் தொட்டுப் பாத்தா, கழுத்தத் தொட்டுப் பாத்தா. 'இல்ல மிஸ், நெஜமா இல்ல.' மத்த பிள்ளைங்களெல்லாம் அவளுக்கு ஜாடை காட்டுதுங்க, ஏதாவது சொல்லித் தொலைடின்னு. இவளுக்குப் பொய் வரல.

அதனால உக்கார வெச்சேன். தண்டனை இல்ல. நான் தண்டனையே குடுக்கறதில்ல. சொல்ற வரைக்கும் ஜன்னலோரம் உக்காருன்னேன், பாய் போட்டுக் குடுத்தேன், விசிறி குடுத்தேன். பதினோரு க்ளாஸ் உக்காந்திருந்தா.

என்ன? தெரியாதா உங்களுக்கு? பதினோரு க்ளாஸும் அவ வீட்டுல சொல்லலையா? புது அடவு சொல்லிக் குடுத்தாங்கன்னா சொன்னா? அங்க ஆடிக் காட்டினாளா?

பாத்துப் பாத்தே கத்துக்கிட்டிருக்கா போல. ஜன்னலோரத்துலேருந்தே.

எங்கிட்ட முகத்தச் சுளிக்கலம்மா அவ. ஒரு நாளும் ஏன் மிஸ்னு கேக்கல. நான் திரும்பிப் பாத்தா அங்கேருந்து சிரிப்பா. அதுதான். அதுதான் எனக்குத் தாங்கல. பதினோராவது நாள் நான் போய் அவ முன்னாடி மண்டி போட்டு உக்காந்து வயித்த அமுக்கினேன். 'சொல்லு, சொல்லு, சிரிக்காத, சொல்லு'ன்னேன். கொஞ்சம் அழுத்திட்டேன் போல. அழுதா. 'வலிக்குது மிஸ்'னா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இருபது வருஷத்துல அப்படி ஒரு நிம்மதி வந்ததில்ல. அவ அழறா, நான் அவளக் கட்டிக்கிட்டு, 'சமத்து, சமத்து, என் தங்கம்'ங்கறேன்.

ஏன் என் கையால அமுக்கினேன்னு கேளுங்க. டாக்டர் அமுக்கினப்ப நான் எங்க நின்னேன்னு கேளுங்க. யாரும் கேக்கல இதுவரைக்கும். லோகநாயகியும் கேக்கல.

டாக்டருக்குப் பின்னாடி நின்னேன். அவ தலை இந்தப் பக்கம், நான் நேர் எதிர. முதல்ல மேல அமுக்கினார், ஒண்ணும் இல்ல. அப்புறம் கீழ, வலது பக்கம். அவ முகம் அப்படியே சுருங்குச்சு. வாயத் திறந்தா. 'அம்மா'ங்கற மாதிரி வாய் போச்சு. டாக்டர் அப்பத்தான் அந்தப் பக்கம் திரும்பி நர்ஸ்கிட்ட ஏதோ கேட்டுக்கிட்டிருந்தார். நான் விரல வெச்சேன்.

உதட்டோரத்துல.

வேணும்னு வெக்கல. சத்தியமா வேணும்னு வெக்கலம்மா. ஒரு பிள்ளை முகம் வாடினா என் விரல் தானா மேல போகும், பத்து வருஷப் பழக்கம். அவ பாத்தா. சிரிச்சா. டாக்டர் திரும்பினார், சிரிச்ச முகத்தப் பாத்தார், 'வலிக்குதா பாப்பா'ன்னார், 'இல்ல டாக்டர்'னா. டாக்டர் தப்புப் பண்ணிட்டார்னு ஊரே பேசிச்சு. அந்த க்ளினிக்க ஒரு வருஷத்துல மூடிட்டுப் போயிட்டார். நானும்தான் சேந்து திட்டினேன் அந்த மனுஷன.

இத யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டத்தான் சொல்றேன். எதுக்குச் சொல்றேன்னா, நீங்க சம்யுவ நிறுத்தக் கூடாது. வேற க்ளாஸ்ல விட்டீங்கன்னா அங்க கழி இருக்கும், கண்ணாடி இருக்கும், 'சிரிடீ'ம்பாங்க. அங்க அவளுக்கு ஒண்ணுன்னா யார் பாத்துக்குவாங்க? இங்க நான் பாத்துக்குவேன். தினம் கேப்பேன். கேட்டுக்கிட்டே இருப்பேன். இந்த ஊர்ல எந்தப் பிள்ளைக்கும் இவ்வளவு பாதுகாப்பான இடம் கிடையாதும்மா.

சரி, அவளயே கூப்பிட்டுக் கேளுங்க. அவ வேண்டாம்னா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சம்யு! வாம்மா. உள்ள வா கண்ணு.

வாசல்லயே நிக்கறா பாருங்க. எப்பவும் குதிச்சுக்கிட்டு வருவா. வா.

கேட்டீங்களா? கேட்டீங்களா என்ன சொன்னான்னு? நான் ஒண்ணுமே கேக்கல, வாயே திறக்கல. வந்ததும் 'வயிறு வலிக்குது மிஸ்'ங்கறா. தானாச் சொல்றா. பாத்தீங்களா, எப்படிப் பழகிட்டா. இப்பச் சிரிக்கவே இல்ல. இனிமே இவளுக்கு ஒரு பயமும்...

இருங்க.

அவ யாரப் பாத்துச் சொன்னா? நீங்க பக்கத்துல நிக்கறீங்க, அம்மா. உங்களப் பாக்கல. என் மூஞ்சியப் பாத்தா. முதல்ல என் மூஞ்சியப் பாத்துட்டு, எனக்கு என்ன வேணும்னு பாத்துட்டு, அப்புறம் சொன்னா. இப்பவும் பாக்கறா பாருங்க, சரியாச் சொன்னேனான்னு.

இந்தப் பார்வை எனக்குத் தெரியும்மா. க்ளினிக்ல, அந்த மேசையில படுத்துக்கிட்டு, இதே பார்வை.

கடவுளே.

நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்?

நீங்க ஒண்ணு பண்ணுங்க. நான் இப்படிச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்க அவளக் கேளுங்க. சம்யு, மிஸ் பாக்கல. மிஸ்ஸோட மூஞ்சி உனக்குத் தெரியாது இப்ப. அம்மாவப் பாரு. அம்மா கேக்கறதுக்கு எது நெஜமோ அதச் சொல்லு. எது வேணா சொல்லலாம். ஒண்ணும் இல்லன்னும் சொல்லலாம்.

கேளுங்க.

வலிக்கலைன்னா சொன்னா? மெதுவாத்தான் சொன்னா, ஆனா விழுந்துச்சு. ஆடணுமாமா? ஆடட்டும். ஆடற பிள்ளைதான் அவ. வேற எங்கயாவது சேத்து விடுங்க. நல்லா விசாரிச்சு விடுங்க. அந்த டீச்சர் எப்படிக் கேக்கறான்னு பாக்காதீங்க, பிள்ளை யார் மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லுதுன்னு பாருங்க.

கிளம்புங்க. நான் திரும்ப மாட்டேன், நீங்க கீழ இறங்கற வரைக்கும் இப்படியே நிக்கறேன்.

சம்யு அம்மா, ஒண்ணே ஒண்ணு. போகும்போது அவ சிரிக்கிறாளா?

வேண்டாம். சொல்லாதீங்க. கூட்டிட்டுப் போங்க.